பாட்டியோட சுரூபத்துல '1830'னு இருக்கா? 'ஆன்டிக்'னு விலை பேசுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் பக்கம் கத்தோலிக்கக் குடும்பங்கள்ல பாட்டியோட அலமாரியைத் திறந்தா, பழைய பிஸ்கட் டப்பா ஒண்ணு இருக்கும். உள்ளே அறுந்த ஜெபமாலை, கறுத்துப்போன சுரூபங்கள், கயிற்றில் தொங்கும் பழுப்புத் துணித்துண்டு, வேளாங்கண்ணி எண்ணெய் பாட்டில். வீட்டை இடிச்சுக் கட்டும்போது முதல்ல குப்பைக்குப் போறது இந்த டப்பாதான். இல்லைன்னா, போட்டோ எடுத்து ஆன்லைன்ல விலை கேட்பாங்க.

விலை கேட்கிறவங்களை அதிகம் ஏமாத்துறது, முட்டை வடிவத்துல இருக்கிற மாதா சுரூபம். அதில் 1830 என்று பொறித்திருக்கும். "கிட்டத்தட்ட 200 வருஷப் பழசு!" என்று துள்ள வேண்டாம். அது தயாரித்த வருடம் இல்லை. பாரிஸ் மடத்தில் இருந்த காத்தரின் லபூரே என்ற கன்னியாஸ்திரி, தனக்கு மாதா காட்சி கொடுத்ததாகச் சொன்ன வருடம். முதல் சுரூபங்கள் 1832-ல்தான் வந்தன. அப்போது பாரிஸில் காலரா. மக்கள் வாங்கி வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ள, 'அற்புதச் சுரூபம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. பின்பக்கம் திருப்பினால் 'எம்' எழுத்து, அதன்மேல் சிலுவை, கீழே இரண்டு இதயங்கள், சுற்றி 12 நட்சத்திரங்கள். போன வருஷம் வாங்கினதா இருந்தாலும் இதே டிசைன், இதே 1830தான்.

அந்தப் பழுப்புத் துணித்துண்டுக்குப் பெயர் உத்தரியம். இரண்டு சின்னக் கம்பளித் துண்டுகள். ஒன்று நெஞ்சில், இன்னொன்று முதுகில். கார்மேல் சபைத் துறவிகள் தோளில் போடும் நீண்ட மேலாடையின் மினியேச்சர் இது. நம்ம ஊர் வியர்வைக்குக் கம்பளி தாங்குமா? 1910-லேயே போப் பத்தாம் பத்திநாதர், துணிக்குப் பதிலா உலோகச் சுரூபம் அணியலாம்னு அனுமதி கொடுத்துட்டார். ஆனாலும் பல பாட்டிகள் துணியை விடவில்லை.

இந்தப் பொருட்களுக்கும் வடசென்னைக்கும் உள்ள பந்தம் கடல் வழியாக வந்தது. ராயபுரம் என்ற பெயரே 'இராயப்பர்' என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மீனவரான புனித பேதுருவுக்குப் பழைய தமிழ்ப்பெயர் அது. அங்குள்ள பேதுரு ஆலயத்தை 19-ம் நூற்றாண்டில் எழுப்பியவர்கள் படகோட்டிச் சமூகத்தினர். டப்பாவில் கையில் சாவியோடு ஒரு தாடிக்காரர் இருந்தால், அவர்தான் இராயப்பர். குழந்தை இயேசுவைத் தூக்கி வைத்திருப்பவர் அந்தோணியார்னா, அது பெரும்பாலும் ஒரு செவ்வாய்க்கிழமையோட ஞாபகம். பாரிமுனை அரண்மனைக்காரத் தெரு அந்தோணியார் கோயிலுக்கு அன்னிக்கு எல்லா மதத்துக்காரங்களும் வருவாங்க. இன்னிக்கு திருவொற்றியூர்ல மெட்ரோ ஏறினா மண்ணடியில இறங்கி நடக்கிற தூரம்தான். அதனால, வடிவுடையம்மன் குங்குமப் பொட்டலமும் அந்தோணியார் படமும் ஒரே மணிபர்ஸ்ல இருந்தா இந்த ஏரியாவுல யாரும் ஆச்சர்யப்பட மாட்டாங்க.

புனிதத் தலத்திலிருந்து ஏதாவது ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போகும் வழக்கம் சென்னைக்குப் புதுசும் இல்லை. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் பயணம் செய்த மார்க்கோ போலோவின் நூலில் ஒரு தகவல் இருக்கிறது. மயிலாப்பூர் என்று கருதப்படும் ஊரில், புனித தோமையார் கொல்லப்பட்ட இடத்துச் செம்மண்ணை யாத்ரீகர்கள் எடுத்துப்போய், காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பார்களாம்.

சரி, விற்கலாமா? கடையில் வாங்கி, சாமியாரிடம் கொடுத்து மந்திரித்து வாங்குவதுதான் முறை. அப்படி மந்திரித்த பொருளை விற்றாலோ, அது முழுசாக அழிந்தாலோ, அதோடு சேர்ந்த பரிபூரண பலன் போய்விடும் என்பது திருச்சபை விதி. ஆக, 'ஏற்கெனவே மந்திரிச்சது, ரேட் கூட' என்று எவராவது ஆன்லைனில் விற்றால், சிரித்துவிட்டு நகருங்கள்.

சந்தை மதிப்பும் பெரிசா இருக்காது. பெரும்பாலானவை அலுமினியம், பித்தளை. அதன் மதிப்பு வேற இடத்துல இருக்கு. யார் கல்யாணத்துக்கு வந்த ஜெபமாலை, எந்தக் காய்ச்சலுக்கு நேர்ந்து போட்ட சுரூபம்னு சொல்லக்கூடியவங்க பாட்டி மட்டும்தான். அவங்க இருக்கும்போதே ஒவ்வொண்ணா கையில கொடுத்து, மொபைல்ல பேச்சைப் பதிவு பண்ணிடுங்க. தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க, முகமே அழிஞ்சுபோகும். கடல் உப்புக்காத்துல பித்தளை களிம்பு ஏறும். காய்ந்த துணியால் துடைத்து, ஈரம் புகாத டப்பாவில் வைத்தால் போதும்.

ரொம்ப உடைந்துபோனதைக் குப்பையில் போடாமல் மண்ணில் புதைப்பதோ, எரிப்பதோ வழக்கம். மாதா படத்துக்குப் பின்னாடி செருகி வைத்திருக்கும் காய்ந்த குருத்தோலைச் சிலுவையை மட்டும் இரண்டும் செய்ய வேண்டாம். தவக்காலத்துக்கு முன்னாடி கோயிலில் கொடுத்துடுங்க. அதை எரித்த சாம்பலைத்தான் திருநீற்றுப் புதன் அன்று நெற்றியில் பூசுவார்கள்.