கபாலி சாக்லேட்டுக்கு நரை விழுந்த கதை

2016 ஜூலை 22, ‘கபாலி’ வெளியான நாள். விமானத்தின் மேலேயே ரஜினி படத்தை வரைந்து பறக்கவிட்ட காலம் அது. அம்பத்தூரில் முதல் நாள் படம் பார்த்துவிட்டு வந்த என் தம்பி மகன், ரஜினி முகம் போட்ட உறைக்குள் இருந்த சாக்லேட் ஒன்றைத் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தான். வாசனை பார்க்க ஒரு முனையை மட்டும் கிழித்திருந்தான். “பெரியப்பா, இத யாரும் தொடக் கூடாது. இருபது வருஷம் கழிச்சு இதோட மதிப்பே வேற” என்று சொல்லி, ஃபிரிட்ஜில் முட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான்.

அந்த டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் வந்தது. மின்கம்பிகள் மேல் மரங்கள் சாய்ந்து, எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது அந்த சாக்லேட்டைப் பார்த்தால், மேலே சாம்பல் பூத்ததுபோல் வெள்ளை. “பூசணம்டா” என்று அம்மா குப்பைக்கூடைப் பக்கம் திரும்பினார். “கபாலிக்கு நரச்சாத்தான் பாட்டி அழகு!” என்று பையன் பிடுங்கிக்கொண்டான்.

அவன் சொன்னதுதான் சரி. அது பூசணம் இல்லை, ஒருவகை நரைதான்.

குளிர்ந்த சாக்லேட்மேல் வெளிக்காற்று பட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வியர்ப்பதுபோல அதற்கும் வியர்க்கும். அந்த ஈரத்தில் மேல்பரப்பில் இருக்கும் சர்க்கரை கரையும். ஈரம் காய்ந்ததும் சர்க்கரை மட்டும் வெள்ளைப் படிகமாக நின்றுவிடும். விரலால் தடவினால் மணல்போல் நறநறவென்று இருக்கும்.

இன்னொரு நரை கோடையில் வருவது. சாக்லேட்டின் உயிர் கோகோ வெண்ணெயில் இருக்கிறது. இந்தக் கொழுப்பு ஆறு விதமாகப் படிகமாகும். பளபளப்பும், ஒடித்தால் ‘டக்’ என்ற சத்தமும் தருவது ஐந்தாம் வகை மட்டுமே. அது ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகும். வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். 2003 மே 31-ல் 45 டிகிரி பதிவான ஊர் எங்கள் சென்னை. சாதாரண மே மாதத்திலேயே மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பீரோவுக்குள் சாக்லேட் உருகி, இரவில் மறுபடி இறுகும். அப்படித் தானாக இறுகும்போது படிகங்கள் ஒழுங்கில்லாமல் அமையும். கொழுப்பு மேலே கசிந்து வெள்ளையாகப் படியும். இதைத் தொட்டால் வழவழப்பு. விரல் சூட்டிலேயே மறைந்துவிடும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள் 2015-ல் எக்ஸ்ரே கதிர்களை வைத்து இதை நேரிலேயே பார்த்தார்கள்: திரிவிளக்கில் எண்ணெய் ஏறுவதுபோல, சாக்லேட்டில் உள்ள நுண்துளைகள் வழியாகத் திரவக் கொழுப்பு ஊர்கிறது.

ஒரு துண்டுக்கே இந்தப் பாடு என்றால் ஆளுயரச் சிலைக்கு? பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பர் 25-ல் மறைந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள், புதுச்சேரியின் ‘ஜூகா’ சாக்லேட் கடை 339 கிலோ சாக்லேட்டில் அவருக்கு ஆளுயரச் சிலை வைத்தது. ரஜினிகாந்துக்கும் அப்துல் கலாமுக்கும் அங்கே சாக்லேட் சிலை செய்திருக்கிறார்கள். வந்தவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சிலைகளுக்கு ஏசிதான் ஆயுள். கல்வெட்டு மாதிரி காலத்துக்கும் நிற்க அவற்றால் முடியாது.

அப்படியானால் எந்தத் தின்பண்டம்தான் நிற்கும்? நம் வீட்டு அப்பளமும் வடகமும் சொல்லும் பதில்தான்: ஈரம் இல்லாதது. நுண்ணுயிர்கள் பயன்படுத்திக்கொள்ளக்கூடிய ஈரத்தை ‘நீர்ச் செயல்பாடு’ என்ற அளவால் குறிப்பார்கள். தண்ணீருக்கு அது 1. அளவு 0.6-க்குக் கீழே போனால் பூசணமோ பாக்டீரியாவோ வளர முடியாது. டைட்டானிக்கின் உயிர்காப்புப் படகில் வைத்திருந்த வறட்டு பிஸ்கட் ஒன்று, 1912-லிருந்து தப்பி வந்து 2015-ல் 15,000 பவுண்டுக்கு ஏலம் போனது இதனால்தான். அதில் கெடுவதற்கு ஈரமே இல்லை.

ஆனால் காற்றே ஈரமாக இருக்கும் சென்னையில் காய்ந்த பண்டமும் காய்ந்தபடி இருக்காது. தியேட்டர் பாப்கார்ன் மறுநாளே சவசவவென்று ஆகிவிடுகிறது. பொரிந்த சோளம் என்பது உறைந்த நுரை. ஈரத்தை உறிஞ்சியதும் மொறுமொறுப்பு போய் ரப்பராகிறது. சண்டைக் காட்சிகளில் நாயகன் தலையில் உடைப்பதற்குச் ஒரு காலத்தில் சர்க்கரைப் பாகில் பாட்டில் செய்தார்கள். அதுவும் ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும். ‘தி கோல்ட் ரஷ்’ (1925) படத்தில் சாப்ளின் வேகவைத்துத் தின்ற பூட்ஸ் அதிமதுர மிட்டாயில் செய்ததுதான். அதைப் படச்சுருள்தான் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஈரத்தையும் வெயிலையும் சமாளித்தாலும் வண்டு விடாது. அரிசியிலும் மல்லித்தூளிலும் மொய்க்கும் சின்னப் பழுப்பு வண்டுகளுக்குப் பிளாஸ்டிக் உறையைத் துளைப்பது பெரிய வேலையில்லை. அவற்றில் ஒருவகை, தின்பண்டம் தீர்ந்ததும் பக்கத்தில் இருக்கும் பழைய பாட்டுப் புத்தகத்தையும் துளைக்கும். போஸ்டர்களோடு மிட்டாயை ஒரே பெட்டியில் வைப்பவர்கள் இரண்டையும் சேர்த்து இழப்பார்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில், பச்சைக் களிம்பேறிய வெண்கலச் சிலைகளைக் காப்பாற்ற 1930-லேயே வேதியியல் ஆய்வுக்கூடம் வந்துவிட்டது. உலோகமோ உணவோ, பொருளைச் சுற்றியுள்ள காற்றை முதலில் கவனி என்பதுதான் அருங்காட்சியகப் பாதுகாப்பின் பால பாடம். முழுப் பண்டத்தையும் வைத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு வழி உண்டு. பிஸ்கட் மாதிரிக் காய்ந்த பண்டமாக இருந்தால், காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் வண்டும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் வியர்க்காது. பிறகு, இறுக மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு இருட்டில் வைக்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் சாக்லேட்டுக்கு ஏசி வேண்டும்; கரண்ட் போகாமலும் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் போகவில்லை. அடுத்த பொங்கலன்று அந்த சாக்லேட்டை ஆளுக்கொரு விள்ளலாகத் தின்றுவிட்டோம். நறநறவென்று இருந்தது, மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. உறையை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்தான் பையன். ரஜினி முகம் இன்றும் வெளுக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், தேதி முடிவதற்குள் பிரித்துத் தின்றுவிடுங்கள். பிரிக்கும்போது மட்டும் முகத்துப் பக்கம் கிழிக்காமல், பின்பக்க ஒட்டில் கத்தரிக்கோலை வையுங்கள்.