வலியோடு பணி: மேலதிகாரி துன்புறுத்தினால் என்ன செய்வது?

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இருபது நிமிடம் நிற்க வேண்டும். முடக்குவாதம் உள்ள எனக்கு அந்த நேரத்தில்தான் மூட்டுகள் விறைத்திருக்கும். ஒருநாள் நாற்காலியில் அமர்ந்துவிட்டேன். “சம்பளம் வாங்கும்போது மட்டும் வலிக்காதா டீச்சர்?” என்று மாணவர்கள் முன்னிலையில் கேட்டார் அப்போதைய மேலதிகாரி. அதன்பின் எனக்கு மாடி வகுப்புகளே வந்தன. இரண்டு ஆண்டுகள் வாய் திறக்காமல் ஏறி இறங்கினேன். அது பொறுமை அல்ல, பயம்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். அது வெளியே தெரியாது; ஒருநாள் குறையும், மறுநாள் கூடும். “நேற்று நன்றாகத்தானே இருந்தீர்கள்?” என்ற கேள்வி அதனால்தான் வருகிறது. மன உளைச்சலும் தூக்கமின்மையும் வலியை இன்னும் கூட்டும்.

பாடக்குறிப்பு கேட்பதும், தாமதத்துக்கு விளக்கம் கேட்பதும் மேலதிகாரியின் கடமை. நோயைச் சொல்லிப் பலர் முன் இழிவுபடுத்துவதும், தெரிந்தே கடினமான பணி தருவதும் துன்புறுத்தல். இந்த வேறுபாட்டில் நாம் தெளிவாக இருக்க வேண்டும்.

எனக்கு உதவியவை:

1. நடந்ததை அன்றே குறித்து வைத்தேன்: தேதி, நேரம், சொன்ன சொல், உடனிருந்தோர்.

2. மருத்துவச் சான்றில் நோயின் பெயரோடு, எவ்வளவு நேரம் நிற்கலாம், படி ஏறலாமா என்பதையும் எழுதி வாங்கினேன்.

3. “தரைத்தள வகுப்பு வேண்டும், அமர்ந்து பாடம் நடத்த அனுமதி வேண்டும்” என்று எழுத்தில் கேட்டு, நகலில் ஒப்புகை பெற்றேன்.

4. பதில் வராதபோது, முறையான வழியில் அடுத்த நிலை அலுவலருக்கு விண்ணப்பித்தேன்.

5. குறிப்பாணை வந்தபோது கோபத்தில் எழுதாமல், மூத்த ஆசிரியரிடம் காட்டி, கெடுவுக்குள் விளக்கம் தந்தேன்.

சட்டமும் துணை நிற்கிறது. வலி மட்டுமே மாற்றுத்திறன் ஆகாது. மூட்டு இயக்கம் நிரந்தரமாகக் குறைந்திருந்தால் மதிப்பீடு செய்து சான்று பெறலாம். மாற்றுத்திறனாளி ஊழியருக்கு ஏற்ற வசதி செய்து தருவதை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அரசு நிறுவனங்களின் கடமையாக்குகிறது. பாலியல் சீண்டலும் சேர்ந்திருந்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதங்களுக்குள் உள்ளகக் குழுவிடம் பெண் ஆசிரியர்கள் புகார் தரலாம். பத்துப் பேருக்குக் குறைவான பள்ளி என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் தரலாம்.

எனக்குத் தரைத்தள வகுப்பு கிடைத்தது. வருத்தம் தெரிவிக்க எவரும் வரவில்லை, வலியும் போகவில்லை. ஆனால் பள்ளி வாசலில் நெஞ்சு படபடப்பது நின்றது.

உங்கள் பள்ளியிலும் ஒருவர் சுவரைப் பிடித்தபடி படி ஏறிக்கொண்டிருக்கலாம். அவருடைய மாடி வகுப்பை நீங்கள் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.