‘குடு’ சிகிச்சையில் விடுபடும் ஒரு கேள்வி

“பையன் ஊசி போடுறவன் இல்ல, ஈயத்தாள்ல வச்சு இழுக்கிறவன்தான். அவனுக்கு எதுக்கு எச்.ஐ.வி பரிசோதனை?” ‘குடு’ எனப்படும் ஹெரோயினுக்கு அடிமையான பிள்ளையைப் பசறைத் தோட்டங்களிலிருந்து சிகிச்சைக்குக் கூட்டிப் போகும் தாய்க்கு இப்படித் தோன்றினால் அதில் பாதி நியாயம் உண்டு. இலங்கையில் ஹெரோயின் பாவிப்போரில் பெரும்பாலானோர் புகையாகவே இழுக்கிறார்கள். புகையால் எச்.ஐ.வி தொற்றாது. இந்தியாவின் மணிப்பூரில் அப்படியிருக்கவில்லை. அங்கே ஊசியைப் பகிர்ந்தவர்களிடம் 1989 இறுதியில் கண்டறியப்பட்ட தொற்று, ஓராண்டுக்குள்ளேயே பரிசோதிக்கப்பட்டோரில் சுமார் பாதிப் பேரிடம் இருந்தது.

அந்தத் தாயின் நியாயத்தில் விடுபடும் மற்றப் பாதியைத்தான் ஆலோசகர் கேட்டாக வேண்டும். தூள் விலை ஏறினால், குறைந்த தூளில் கூடிய போதை வேண்டுமென்று ஊசிக்கு மாறுகிறவர்கள் உண்டு. போதையில் ஆணுறை ஞாபகத்துக்கு வராது. தூளுக்குக் காசில்லாமல் உடலைக் கொடுக்க நேர்ந்தவர்கள், ஆண்களும்தான், அதை வீட்டில் ஒருபோதும் சொல்லமாட்டார்கள். ஆகவே “எதைப் பாவிச்சீங்க?” என்பதோடு “எப்படி, யாரோடு?” என்றும் கேட்க வேண்டும். குற்றவாளியை விசாரிப்பதுபோல் கேட்டால் பதில் வராது. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தாலும் வராது.

ஊசியை மட்டுமல்ல, தூளைக் கரைக்கும் மூடி, பஞ்சு, தண்ணீர் எதையும் பகிரக்கூடாது என்பதை ஆலோசனையில் விளக்க வேண்டும். ஹெபடைடிஸ் சி இவற்றின் வழியாகவும் பரவும். சில வாரங்கள் நிறுத்தியவர் பழைய அளவை மறுபடி எடுத்தால் மூச்சு நின்று சாகலாம் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி தொற்று அபாயம் நேர்ந்துவிட்டால் 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கலாம். 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். நேற்றைய சம்பவத்துக்கு இன்றைய பரிசோதனை விடை சொல்லாது என்பதால், மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்பது நல்லது.

லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும். தோட்ட டிஸ்பென்சரியில் வாய் திறக்கத் தயங்குவது வெட்கத்தால் மட்டுமல்ல. அப்படித் தயங்குவோர் பஸ் ஏறிப் பதுளைப் பெரியாஸ்பத்திரியின் பாலியல் நோய்க் கிளினிக்குக்குப் போகலாம். அரசாங்கக் கிளினிக்குகளில் பரிசோதனை இலவசம், வைத்தியர் கடிதம் தேவையில்லை, விபரங்கள் இரகசியமாகவே இருக்கும். தொற்று இருந்தால் மருந்தும் இலவசம். மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தபின், உடலுறவின் வழியே அவர் பிறருக்குத் தொற்றவைப்பதில்லை. இதை நம்பாமல் சம்பந்தத்தை முறிக்கும் குடும்பங்கள் நோயைவிட அதிகம் கெடுக்கின்றன.

தமிழில் விளக்கம் கேட்பது சலுகையல்ல. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலைத் தமிழில் நடத்த அரசியலமைப்பு உரிமை தருகிறது. புரியாத படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

குளியாப்பிட்டியில் எச்.ஐ.வி என்ற வெறும் வதந்தியால் ஒரு சிறுவனுக்குப் பாடசாலைகள் கதவடைத்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. எச்.ஐ.வி-யால் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் கல்வி உரிமை உண்டென்பது 2016-இல் அங்கே உறுதியானது. அரச வைத்தியசாலையோ பாடசாலையோ எச்.ஐ.வி-யைக் காரணம் காட்டி உங்களை ஒதுக்கினால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதுளை அலுவலகத்திலோ 1996 என்ற இலக்கத்திலோ முறையிடுங்கள். உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்ய ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.