சின்னத்திரைக் காதலும் முடிவில்லாச் சிரிப்பும்

மாலையில் சுவாமி விளக்கேற்றித் தேவாரம் ஓதி முடிந்ததும் யாழ்ப்பாணத்து இல்லங்களில் அடுத்தபடியாக ஒளிர்வது தொலைக்காட்சிப் பெட்டியே. அதன் முன்னே அம்மம்மாவும் பேத்தியும் அருகருகே அமர்ந்திருப்பர். அவர்கள் காண்பது பெரும்பாலும் கண்ணீராகவே இருக்கும். மாமியார் சூழ்ச்சி செய்வதும், மருமகள் தூணைப் பற்றிக்கொண்டு விம்முவதும், அவ்வேளை பார்த்து வெளியே இடியிடிப்பதும் தமிழகத்துச் சின்னத்திரையின் நித்திய கருமங்களாகிவிட்டன. இத்தகைய சூழலில், சிரிக்க வைத்துக்கொண்டே காதலைச் சொல்ல முற்படும் தொடர் ஒன்று வருமாயின் அதனை வரவேற்கவே வேண்டும். வரவேற்ற பின்னர் அதன் நிறைகுறைகளைச் சற்று ஆராய்ந்து பார்ப்பதும் இரசிகர் கடமையேயாகும்.

அத்தகைய தொடர்களுள் பெரும்புகழ் பெற்றது, விஜய் தொலைக்காட்சியில் 2011 நவம்பரில் தொடங்கிய 'சரவணன் மீனாட்சி'. அதே நிலையம் முன்னர் ஒளிபரப்பிய 'மதுரை' என்னும் தொடரில் வந்த காதலர் இருவரை நேயர்கள் பெரிதும் விரும்பியமையால், அவர்களை வைத்தே தனிக்கதை ஒன்று புனையப்பட்டது. வானொலி அறிவிப்பாளராயிருந்து நடிக்க வந்த செந்தில் சரவணனாகவும், கேரளத்தைச் சேர்ந்த ஸ்ரீஜா மீனாட்சியாகவும் தோன்றினர். இப்பெயர்ப் பொருத்தத்தைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை: சரவணன் என்பது முருகப் பெருமானின் திருநாமம்; மீனாட்சியோ உமையம்மை. புராணப்படி பார்த்தால் இருவரும் தாயும் மகனும் ஆவர். சாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்த பின்னரே வாய் திறக்கும் நம்மவர்கள் இதனை ஒரு பொருட்டாகக் கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் பார்த்து மகிழ்ந்தனர் என்பதே, அக்கதை அவர்கள் மனத்தை எவ்வளவு கவர்ந்திருந்தது என்பதற்குப் போதிய சான்று.

அக்கவர்ச்சி எங்கிருந்து பிறந்தது? முதலாவது காரணம் வறுமை என்று கூறினால் வாசகர் வியப்படையக்கூடும். சினிமாவில் காதல் அரும்பிய மறுகணமே காதலர் இருவரும் ஊட்டிக்கோ சுவிற்சர்லாந்துக்கோ பறந்துவிடுவர். அங்கே மலையும் பனியும் காதலுக்குப் பதிலாக நடித்துவிடும். தொடர் தயாரிப்பவரிடம் அதற்குரிய பணமில்லை. ஆகவே அவருடைய காதலர் குசினியிலும் மாடிப்படியிலும் முற்றத்திலுமே காதலித்தாக வேண்டும். அங்கேயோ தந்தை பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார். தாய் காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பாள். இவர்களுக்கிடையில் ஒரு சிறுவன் வேறு திரிவான். தனிமை கிடையாத வீட்டில் ஒரு பார்வையைப் பரிமாறிக்கொள்வதற்கே பெருந்திட்டம் தீட்ட வேண்டியிருக்கிறது. அத்திட்டம் பிழைக்கும்போது பிறக்கும் சிரிப்பு இயல்பான சிரிப்பு. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர் எவருக்கும் அது புதிதன்று.

இன்னொரு சிறப்பையும் மறுத்தற்கில்லை. நமது சமூகத்தில் பிள்ளைகளின் முன்னிலையில் தாயும் தகப்பனும் ஒரு கனிந்த சொல்லைப் பேசிக் கேட்டவர் எத்தனை பேர்? 'இஞ்சரும்', 'இஞ்சாருங்கோ' என்ற விளிகளோடு இல்லறம் முழுவதும் நடந்தேறிவிடும். கணவனும் மனைவியுமாகிவிட்ட ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் கேலி செய்து, ஊடி, சமாதானமாகி, மறுபடியும் ஊடுவதை எழுபது வயது முதியவள் தன் பேரப்பிள்ளைகளின் நடுவிலிருந்து, தலையைத் தாழ்த்த வேண்டிய அவசியமின்றிப் பார்த்துச் சிரித்தாள் என்பது சிறிய காரியமன்று. திருமணத்துடன் காதல் முடிந்துவிடுகிறது என்ற சினிமாச் சூத்திரத்தை அத்தொடர் ஓரளவேனும் புறந்தள்ளியது. கதையில் இணைந்த செந்திலும் ஸ்ரீஜாவும் 2014 இல் மெய்யாகவே மணம் புரிந்துகொண்டபோது, தம் வீட்டுப் பிள்ளைகளுக்கே நல்ல காரியம் நடந்தது போல் மகிழ்ந்தவர்களை நானறிவேன்.

இனிக் குறைகளுக்கு வருவோம். முதற் பகுதி 2013 இல் நிறைவெய்தியது. அதன் பெயர் மட்டும் நிறைவெய்த மறுத்தது. புதிய மீனாட்சியாக ரச்சிதா வந்தார். அவருக்கு இணையாக முதலில் இர்ஃபான் வந்தார். பின்னர், இன்று சினிமாவில் கதாநாயகனாக விளங்கும் கவின் வந்தார். இறுதியில் ரியோ வந்தார். 2018 ஆகஸ்டில்தான் அப்பெயர் திரையிலிருந்து இறங்கியது. ஏறத்தாழ ஏழாண்டுகள்! வாரத்தில் ஐந்து நாளும் அரைமணி நேரத்தை நிரப்ப வேண்டுமென்றால் காதலர் நாள்தோறும் பிணங்கியாக வேண்டும். நான்கு சொற்களில் தீரக்கூடிய ஐயம் நான்கு வாரங்களுக்கு நீளும். 'ஒரு வசனம் சொல்லித் துலைக்கலாந்தானே, ஏன் உந்தப் பெடியன் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறான்?' என்று எங்கள் வீட்டு முதியவர் ஒருவர் சலித்துக்கொண்டது, விமர்சகர் ஒருவர் பத்துப் பக்கங்களில் எழுதக்கூடியதன் சாரம். அவன் அந்த ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டால் விளம்பரதாரர் என் செய்வார்?

சோகக் கதைக்கு இந்த நீட்டிப்பு அவ்வளவாக ஊறு செய்வதில்லை. கண்ணீருக்குப் புதிது புதிதாகக் காரணம் தேடிவிடலாம். காதல் நகைச்சுவையின் இலக்கணமோ வேறு. அது முடிச்சுப் போட்டு அவிழ்க்கும் கலை. முடிச்சு எவ்வளவு சிக்கலாயினும், அவிழப் போகிறது என்ற நம்பிக்கையிலேயே பார்ப்பவர் சிரிக்கின்றனர். அவிழாது என்று தெரிந்த பின் அதே குழப்பம் எரிச்சலூட்டத் தொடங்கும். எரிச்சலை மறைப்பதற்கு வில்லியொருத்தி வேண்டும். அவள் வந்ததும் விம்மலும் இடிமுழக்கமும் தாமாகவே திரும்பிவிடும். நல்ல நகைச்சுவையாகத் தொடங்கிய தொடர்கள் பலவும் இவ்வாறுதான் அழுகைத் தொடர்களாக மாறின.

தமிழர்க்கு இக்கலை புதிதன்று. நம் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு நடைபெறும்போது வள்ளியம்மை திருமணப் படலத்தைக் கேட்டவர்களுக்கு அது நன்கு தெரியும். தினைப்புனம் காக்கும் பெண்ணிடம் வேடனாக வந்து பேச்சுக் கொடுப்பவன், அவள் தந்தை நம்பி வருவதைக் கண்டு வேங்கை மரமாகி நிற்கின்றான். பின்னர் தள்ளாத கிழவனாகி உணவும் நீரும் கேட்கின்றான். அதுவும் பயன்படாதபோது அண்ணனை யானையாக வரவழைக்கின்றான். அஞ்சிய பெண் கிழவனையே தழுவிக்கொள்கின்றாள். காதல், வேடம், அகப்பட்டுக்கொள்ளும் அபாயம், வேளைக்கு உதவும் தமையன் என எல்லாம் அங்கே உள. அத்துடன் வேடர்குலப் பெண்ணுக்கும் தேவசேனாபதிக்கும் இடையேயுள்ள ஏற்றத்தாழ்வும் மறைக்கப்படாமல் நேருக்கு நேர் நிற்கிறது, அதன் பொருட்டுச் சண்டை நிகழ்கிறது, வேடர்கள் மாள்கின்றனர், மீண்டும் எழுப்பப்படுகின்றனர், நம்பியின் ஊரிலேயே மணம் நடைபெறுகிறது. அப்படலத்துடன் கச்சியப்பர் புராணத்தையே முடித்துவிடுகிறார். அடுத்த வாரம் வள்ளிக்கும் தெய்வயானைக்கும் சண்டை மூட்டலாமே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றவில்லை.

கிழவன் வேடம் என்றதும் வாசகர் பலருக்கு முத்துராமன் நினைவுக்கு வந்திருப்பார். 1964 இல் ஸ்ரீதர் இயக்கி ஈஸ்ட்மன் வண்ணத்தில் வெளியிட்ட 'காதலிக்க நேரமில்லை'யை இங்கே குறிப்பிடாமல் அப்பாற் செல்லவியலாது. பணக்கார மருமகனே வேண்டுமென்று நிற்கும் தோட்ட முதலாளியாக ரி. எஸ். பாலையா; அவர் மகளை விரும்பும் வசதியற்ற இளைஞனாக ரவிச்சந்திரன்; நண்பனுக்காகத் தாடி ஒட்டிக்கொண்டு செல்வந்தத் தந்தையாக நடிக்க வரும் முத்துராமன். வந்த இடத்தில் முத்துராமனின் காதலியும் அதே முதலாளியின் மகளாயிருப்பது தெரியவர, தந்தை வேடத்தைக் களையவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் அவர் படும் பாடு! இதற்கிடையில் படம் பிடிக்கப் போவதாகச் சொல்லித் திரியும் மகன் நாகேஷ் தந்தைக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை விளக்கத் தேவையில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகத்தைப் பார்த்தபின், அச்சமும் சிரிப்பும் ஒரே வீட்டுக்காரர்தாமோ என்று தோன்றும். சித்ராலயா கோபுவின் உரையாடலில் எந்தப் பாத்திரமும் வில்லனில்லை. முதலாளியின் பேராசையும் சிரித்துத் திருத்தக்கூடிய குற்றமாகவே காட்டப்பட்டது. தெலுங்கிலும், 1966 இல் இந்தியிலும் அது மீண்டும் எடுக்கப்பட்டமை அதன் கட்டுக்கோப்புக்குக் கிடைத்த மதிப்பு.

1990 இன் நடுப்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் நின்ற பின், அயலவர் பணம் சேர்த்து, வாடகைக்குத் தொலைக்காட்சியும் 'டெக்'கும் கொண்டுவந்து, மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரை வேலியோரம் வைத்துப் படம் பார்த்த இரவுகள் உண்டு. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. அவ்விரவுகளில் படம் முடிவதற்குள் எண்ணெய் முடிந்துவிடக் கூடாதே என்பதுதான் அனைவரதும் கவலை. காதலர் சேர்ந்தனரா இல்லையா என்பது தெரியாமல் கலைந்து போவதைப் போன்ற கொடுமை பிறிதில்லை. மறுநாள் யாரிடம் போய்க் கேட்பது? இன்று மின்சாரம் உண்டு, எண்ணெய்க் கவலை இல்லை. காதலர் சேரும் முடிவு மட்டும் எளிதில் வருவதாயில்லை. 2007 இல் அதே 'காதலிக்க நேரமில்லை' என்ற பெயரில் விஜய் தொலைக்காட்சி ஒரு தொடரை ஒளிபரப்பியது. பிரஜினும் சந்திரா லக்ஷ்மணும் நடித்த அத்தொடருக்கு விஜய் அன்ரனி இசையமைத்த முகப்புப் பாடலை இன்றும் இளைஞர் முணுமுணுக்கின்றனர். கதையை நினைவுகூர்வோர் அருகிவிட்டனர்.

அப்படியாயின் தொடரை விடுத்து, தொலைக்காட்சிக்கென்றே முழுப்படம் எடுத்தால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஹால்மார்க் என்னும் நிலையம் ஆண்டுதோறும் நத்தார் காலத்தில் இதனையே செய்கிறது: இரண்டு மணித்தியாலம், ஒரு சிற்றூர், ஒரு காதல், முடிவில் பனிமழை. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, எனினும் முடிந்துவிடுகின்றன. தமிழிலும் 2021 சித்திரைப் புத்தாண்டன்று சன் குழுமம் எம். ராஜேஷ் இயக்கிய 'வணக்கம்டா மாப்ள' என்ற படத்தைத் திரையரங்குக்கு அனுப்பாமல் நேரே இல்லங்களுக்கு வழங்கியது. ஜி. வி. பிரகாஷ்குமாரும் அமிர்தா ஐயரும் நடித்த அப்படத்தில் நண்பரின் கேலிப் பேச்சு மிகுதி, காதல் சொற்பம். கதாநாயகிக்கு நகைச்சுவையில் பங்கில்லாத இடத்தில் காதல் நகைச்சுவை எங்ஙனம் பிறக்கும்? 'ஒரு கல் ஒரு கண்ணாடி' முதலிய படங்களில் ராஜேஷுக்குக் கைகொடுத்த அதே வழி இங்கே களைப்புற்றுத் தோன்றியது. முடிவு மட்டும் இருந்தால் போதாது, முடிச்சும் வேண்டும்.

முடிச்சு என்றதும் எனக்கு மிகுந்த மனக்குறையைத் தரும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தொடர்களில் காதலர்க்கு வரும் இடையூறுகள் மெய்யான இடையூறுகளல்ல. மாற்றி வைக்கப்பட்ட கடிதம், ஒட்டுக்கேட்ட அரைவசனம், பொறாமை கொண்ட அத்தை, இவைதாம் தடை. நம் வீடுகளில் காதல் எங்கே தடுக்கி விழுகிறது என்பதை நாமறிவோம். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலேயே இடம்பெற்றுவிட்ட சீதனம் இன்றும் வீடாகவும் வளவாகவும் பேசப்படுகிறது. அதற்கு மேலாக 'டொனேசன்' என்ற நாகரிகப் பெயரில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ரொக்கம் வேறு. சாதியைப் பற்றி எவரும் வாய்திறந்து கேட்பதில்லை. 'எந்த இடம், ஆருடைய ஆக்கள்' என்ற கேள்வியில் அது அடங்கிவிடும். கந்தபுராணம் துணிந்து தொட்ட இடத்தைத் தொலைக்காட்சி சுற்றிக்கொண்டு போகிறது. பாலையாவின் பணத்தாசையை நகைக்கத் துணிந்த ஸ்ரீதரின் துணிவுகூட இல்லை. பேத்தியும் அம்மம்மாவும் ஒன்றாக இருந்து சிரிக்கும் அந்த அரைமணி நேரம், வேறெந்த நேரத்திலும் இருவரும் பேசமுடியாத விடயங்களைப் பேசுவதற்கு வாய்த்த நேரம். அதனை வெறுங்கிண்டலில் கழித்துவிடுவது பெருநட்டம் என்றே கருதுகிறேன்.

மதுரைப் பேச்சில் வரும் சிரிப்பை நாம் இரவல் வாங்கியே சுவைக்கிறோம் என்பதையும் மறக்கலாகாது. ஒரு காலத்தில் இந்நிலை இருக்கவில்லை. இலங்கை வானொலியில் சானா நாடகப் பகுதியை நடத்திய நாட்களில் 'லண்டன் கந்தையா', 'விதானையார் வீட்டில்' போன்ற தொடர்கள் யாழ்ப்பாணத் தமிழிலேயே வீடுகளைச் சிரிக்க வைத்தன. பின்னர் எஸ். ராமதாஸின் 'கோமாளிகளின் கும்மாளம்' வந்தது. மரைக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் ஐயரும் ஆளுக்கொரு தமிழ் பேசினர். அவர்களே 1976 இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தனர். குரலை மட்டும் கொண்டு அவர்கள் செய்த காரியத்தை, படமும் நிறமும் கையிலுள்ள இன்றைய நம்மவர் ஏன் செய்யலாகாது?

கதைக்கு எங்கும் அலையத் தேவையில்லை. பெண் கோண்டாவிலில், பையன் ரொறன்ரோவில். அங்கே குளிர்காலமாயின் இடையில் பத்தரை மணி நேர வித்தியாசம். இவள் தூக்கத்தை மறைத்துக்கொண்டு நள்ளிரவில் பேசும்போது அவன் வேலைத்தலத்தில் மதிய உணவுக்கு எழும்புகிறான். இடையே கலியாணத் தரகர், இரண்டு சாதகக் குறிப்புகள், பெண்ணின் பெயரில் எழுதுவதாகச் சொல்லி இன்னும் எழுதப்படாத வளவின் உறுதி, சுவருக்கு அப்பாலிருந்து இருமும் அப்பு. இதற்குப் பதின்மூன்று வாரங்கள் போதும்.