லாகோஸ் தேவாலயங்களில் யொரூபா நீலம்

வண்ணக் கண்ணாடிச் சன்னல் என்றதும் ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களே நினைவுக்கு வரும். நைஜீரியாவுக்கும் இந்தக் கலை கிறித்தவ மிஷனரிகளின் வழியாக வந்ததுதான். ஆனாலும் ஓவியர் யூசுஃப் கிரிலோ (1934–2021) லாகோஸ் நகரத் தேவாலயங்களுக்குச் செய்துகொடுத்த சன்னல்களை இரவல் கலை என்று ஒதுக்க முடியாது. பிரேசிலில் அடிமைத்தளை நீங்கித் தாயகம் திரும்பியவர்கள் குடியேறிய பகுதியில் பிறந்தவர் அவர். வட நைஜீரியாவின் ஸாரியா நகரில் படித்தபோது, சொந்த மரபையும் மேலைநாட்டு உத்தியையும் இணைக்க வேண்டும் என்று வாதிட்ட மாணவர் குழுவில் ஒருவர்.

அந்த இணைப்பைச் செய்முறையிலேயே பார்க்கலாம். வண்ணக் கண்ணாடிக்கு நிறம் தருபவை உலோக ஆக்சைடுகள்; கோபால்ட் சேர்ந்தால் நீலம். கண்ணாடியைத் துண்டுகளாக வெட்டி, ஈயப் பட்டைகளின் காடியில் பொருத்திப் பற்றவைப்பார்கள். வெளிச்சத்தில் அந்த ஈயமே படத்தின் கறுப்புக் கோடாகிவிடும். நைஜீரியாவின் யொரூபா இனப் பெண்கள் செய்யும் அடிரே துணியிலும் கோடுதான் நிறத்தைப் பிரிக்கிறது. மரவள்ளிக் கஞ்சியை இறகால் துணியில் வரைந்து, காய்ந்ததும் அவுரிச் சாயத்தில் முக்குவார்கள். கஞ்சி காத்த இடம் வெளிர்கோடாகத் தங்க, மற்ற இடமெல்லாம் நீலம் ஏறும். கிரிலோவின் எண்ணெய் ஓவியங்களில் ஓங்கி நிற்பதும் நீலம்தான். உடலும் உடையும் கோணத் துண்டுகளாகப் பிரிந்து நிற்கும் அந்த ஓவியங்கள் கண்ணாடிக்கென்றே வரைந்தவை போலிருக்கின்றன.

துண்டு துண்டாக அடுக்குவதை ஐரோப்பிய நவீன ஓவியமே கற்றுத்தந்திருக்கலாமே என்று கேட்கலாம். கற்றிருக்கலாம், அதை அவர் தலைப்பாகை கட்டிய பெண்களையும் மேளக்காரர்களையும் வரையப் பயன்படுத்தினார் என்பதே முக்கியம். கண்ணாடியாவது அந்நியப் பொருள்தானே என்றால், அதுவும் இல்லை. யொரூபா மக்களின் புனித நகரமான இலே-இஃபேயில், இக்போ ஓலோக்குன் என்ற இடத்தில் 12,000க்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகளும் கண்ணாடி உருக்கிய மூசைத் துண்டுகளும் கிடைத்துள்ளன. 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான அந்தப் பட்டறைகளில் உள்ளூர் மூலப்பொருள்களைக் கொண்டே கண்ணாடி செய்தார்கள். நீல மணிகளும் அவற்றில் உண்டு. ஐரோப்பியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரையைத் தொடுவதற்கு முன்பே தொடங்கிவிட்ட தொழில் அது.

முஸ்லிமான கிரிலோ கிறித்தவ ஆலயத்துக்கு எப்படிப் பணிசெய்தார் என்ற கேள்வியும் எழும். ஒரே குடும்பத்தில் இரு சமயத்தாரும் வாழ்வது யொரூபா நாட்டில் சர்வசாதாரணம். சன்னல் சட்டகம் வெளியிலிருந்து வந்திருக்கலாம். அதை நிரப்பிய கண் யொரூபாக் கண். கிரிலோவின் சன்னல்களை ஆப்பிரிக்கக் கலை என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.