அழகரை செல்போனில் படம் பிடிக்கப் போகிறீர்களா?

சித்திரைத் திருவிழா முடிந்ததும் உறவினர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். தங்கக் குதிரை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு வெளிச்சம். அதற்குக் கீழே கலங்கிப் போன தலைகள். “50 மெகாபிக்ஸல் கேமராவாச்சே, பிறகு ஏன் இப்படி?” என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம்.

மதுரையில் அழகர் வைகையில் இறங்குவது அதிகாலையில். பெரும்பாலான செல்போன்களின் கேமரா சென்சார் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. வெளிச்சம் போதாதபோது அது கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு ஒளியைச் சேகரிக்கும். அந்த இடைவெளியில் உங்கள் கையோ, வாகனமோ அசைந்தால் படம் கலங்கிவிடும். எத்தனை மெகாபிக்ஸல் இருந்தாலும் இதுதான் கதை.

முதலில் லென்ஸைப் பருத்தித் துணியால் துடைத்திடவும். விளக்குகளைச் சுற்றிக் கோடு கோடாக வரும் மினுக்கத்திற்கு, விரல் பட்ட எண்ணெய்ப் பசைதான் பெரும்பாலும் காரணம். பிளாஷை ஆஃப் செய்திடவும். அது சில அடி தூரம்தான் எட்டும். முன்னால் நிற்பவரின் பின்னந்தலை மட்டும் பளிச்சென்று விழும்!

இனி முக்கியமான வேலை. திரையில் அழகர் தெரியும் இடத்தில் விரலை ஓரிரு விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பல போன்களில் போகஸ் அங்கேயே லாக் ஆகும். பக்கத்தில் சிறு சூரியன் போன்ற அடையாளம் கிடைக்கும். அதைக் கீழே இழுத்தால் படம் சற்று இருளும், குதிரையின் வேலைப்பாடு தெரியத் தொடங்கும். இருட்டான பகுதியைப் பிறகு கம்ப்யூட்டரில் ஓரளவு தூக்கிவிடலாம். வெளுத்துப் போன பகுதியில் விவரமே பதிவாகியிருக்காது என்பதால் அதை மீட்க முடியாது.

நைட் மோட் பல படங்களை எடுத்து ஒன்றாக்கும் வசதி. விளக்கு அலங்காரத்தில் நிற்கும் தெப்பக்குளம் மைய மண்டபத்திற்கு அது பிரமாதம். ஆடி வரும் வாகனத்திற்கு உதவாது.

வீடியோவுக்குப் போனைப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். சீரியல் விளக்குகள் பதிவில் துடிக்கிறதா? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். புரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என அமைத்துப் பாருங்கள். துடிப்பு பெரும்பாலும் அடங்கும்.

2022இல் இதே வைபவத்தின் நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். கூட்டத்துக்குள் இரண்டு கைகளையும் தூக்கியபடி நிற்க வேண்டாம். போன் கீழே விழுந்தால் குனியவே வேண்டாம். தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடி கிடைத்தால் அங்கே போய்விடுங்கள். தண்ணீர் பீய்ச்சும் பக்தர்களிடமிருந்து போனும் தப்பும். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போனுக்கு அனுமதி இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் படங்களை வாட்ஸ்அப் மூலம் கம்ப்யூட்டருக்கு அனுப்பாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். கேபிளில் இணைத்து, போன் திரையில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரில் டிசிஐஎம் போல்டருக்குள் உள்ள கேமரா போல்டரைத் திறந்து காப்பி செய்திடவும். நீண்ட வீடியோ பென் டிரைவில் ஏற மறுத்தால், அந்த டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கலாம். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே பைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறையில் பார்மட் செய்தால் ஏறும். டிரைவில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் அவற்றை முதலில் வேறிடத்தில் காப்பி எடுத்துக் கொள்ளவும்.