விண்டோஸ் 10 கணினியை லினக்ஸுக்கு மாற்றுவது எப்படி?

உங்கள் கணினியில் விண்டோஸ் 10 ஓடுகிறதா? அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஓராண்டு உண்டு. கணினி வழக்கம்போல ஓடுவதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆனால் அப்படிப் பதிவு செய்யாத கணினியில், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினி அப்படி இருக்கக் கூடாது.

விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். அதற்கு டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கும் சில்லு) வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். 2017-க்கு முன்பு வந்த கணினிகளில் பெரும்பாலானவை இதில் தேறாது. நன்றாக ஓடும் கணினியை இதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. இயங்குதளத்தை (கணினியை ஓட வைக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றினால் போதும்.

எதற்கு மாறுவது? லினக்ஸுக்கு. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது; இலவசம். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருப்பதும் அதுதான். தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. லினக்ஸில் பல வகைகள் உண்டு. விண்டோஸ் பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட்டைத்தான் நான் சொல்வேன். மெனு அதே இடது மூலையில் இருக்கும், கை தடுமாறாது. 4 ஜிபி ராம் இருந்தால் நிம்மதியாக ஓடும்.

என்னென்ன ஓடாது? இதை முதலில் பாருங்கள். டேலி, ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர், கணினியில் நிறுவும் எம்எஸ் ஆபீஸ் ஆகியவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. உங்கள் பிழைப்பே டேலியில் என்றால் இப்போதைக்கு மாற வேண்டாம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருந்தால், லினக்ஸுக்கு அதன் மென்பொருள் உண்டா என்று விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஜூம், விஎல்சி எல்லாம் ஓடும். மின்னஞ்சல், யூடியூப், ரயில் டிக்கெட் என்று உங்கள் வேலை பிரவுசருக்குள்ளேயே முடிகிறதென்றால் தயங்க ஒன்றுமில்லை.

தமிழ் தட்டச்சு? தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டுமே உண்டு. மெனுவில் உள்ளீட்டு முறைக்கான பகுதியைத் திறந்து ஐபஸ் என்பதை நிறுவி, தமிழைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

சிக்கல் பழைய தமிழ்க் கோப்புகளில் இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை, உள்ளே ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களாகவே சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கன்னாபின்னாவென்று ஏதோ தெரியும். கோப்பு கெட்டுப்போய்விட்டதோ என்று பதற வேண்டாம், எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவினால் மறுபடி படிக்கலாம். ஆனாலும், முக்கியமானவற்றை யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொது ஏற்பாட்டுக்கு) மாற்றிவிடுவதே நல்லது. தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இதை விண்டோஸ் இருக்கும்போதே செய்யுங்கள், மூலத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகளையும், ஆங்கிலம் கலந்த வரிகளையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேர்டு கோப்புகள் மின்ட்டுடன் வரும் லிப்ரே ஆபீஸில் திறக்கும். ஆனால் ‘லதா’ எழுத்துரு விண்டோஸுடன் வருவது. இங்கே வேறொன்று அதன் இடத்துக்கு வரும், பக்கங்கள் நகரும். அச்சுக்குப் போக வேண்டியவற்றை முன்பே பிடிஎஃப் ஆக்கி வையுங்கள்.

“என் படங்கள் எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கின்றன, போதாதா?” போதாது. பல கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பகுதிகள்தான். நிறுவும்போது ‘டிஸ்க்கை அழி’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டுமே போய்விடும். வெளியே தனி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். அதை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளையாவது திறந்து பாருங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் இதில் சேர்த்தி. பிட்லாக்கர் (டிஸ்க்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால், மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைக்காமல் எதையும் தொடாதீர்கள்.

நிறுவாமலே பார்க்க முடியுமா? முடியும். மின்ட்டின் தளத்திலிருந்து கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கை நீங்கள் தொடாதவரை அதற்கு எதுவும் ஆகாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா என்று ஆற அமரப் பாருங்கள். எச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் உடனே பிடித்துக்கொள்ளும். கேனான் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர் பிரின்டர்களுக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

இடம் இருந்தால் விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் மின்ட்டை நிறுவலாம். தொடங்கும்போது எது வேண்டும் என்று கணினி கேட்கும். முதல் சில மாதங்களுக்கு இதுவே நல்ல வழி.

பிடிக்காவிட்டால் திரும்ப முடியுமா? முடியும். விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் கணினியின் மதர்போர்டோடு பதிவாகியிருக்கும்; மறுபடி நிறுவினால் இணையத்தில் தானாகவே சரிபார்த்துக்கொள்ளும். ஆனால் நிறுவும் பென் டிரைவைத் தயாரிக்க மைக்ரோசாஃப்ட் தரும் கருவி விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் அந்தப் பென் டிரைவை மாறுவதற்கு முன்பே தயாரித்து எடுத்து வையுங்கள்.